நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில்

ரயில் என்றால் சத்தம் போடத்தானே செய்யும்? தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் எந்த நாட்டில் புகார் சொன்னாலும் முதலில் வரும் பதில் இது. இரண்டாவது பதிலும் தயாராக இருக்கும்: கொஞ்ச நாளில் பழகிப்போய்விடும். இந்த இரண்டு பதில்களையும் 1970களில் நியூயார்க் நகரத்து அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் தேறவில்லை.

பள்ளியின் பெயர் பி.எஸ். 98. மன்ஹாட்டன் தீவின் வடகோடியில், இன்வுட் என்ற பகுதியில் இருக்கிறது. பள்ளியிலிருந்து சுமார் 220 அடி தள்ளி, இரும்புத் தூண்களின் மேல் ரயில் ஓடுகிறது. இந்தத் தடத்துக்கும் நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது, பல்கலைக்கழகத்தின் வாசலில் 116ஆம் தெரு ரயில் நிலையம் திறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நிலையம் இருப்பது இதே தடத்தில்தான். 1904 அக்டோபரில் திறந்த நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் பாதை அது. பல்கலைக்கழகத்துப் பக்கம் பூமிக்கு அடியில் போகிற ரயில், இன்வுட் வரும்போது வெளியே வந்து தூணில் ஏறிக்கொள்ளும். இதில் சதி எதுவும் இல்லை. 1906இல் பாதை அங்கே போனபோது அந்தப் பக்கம் பெரும்பாலும் வெட்டவெளி. சுரங்கம் தோண்டுவதைவிடத் தூண் நடுவது மலிவு. ரயில் வந்த பிறகு வீடுகள் வந்தன, உழைக்கும் மக்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், பள்ளி வந்தது. "நாங்கள்தான் முதலில் வந்தோம், நீங்கள்தான் பக்கத்தில் வந்து குடியேறினீர்கள்" என்று ரயில்வேக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற வாதத்துக்கு வசதியான வரிசை.

1970களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்த தாய், தானும் லேமன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே உளவியல் பேராசிரியர் ஆர்லைன் பிரான்சாஃப்ட். ரயில் சத்தத்தில் பிள்ளைகளால் படிக்கவே முடியவில்லை, பெற்றோர்கள் சேர்ந்து வழக்குப் போடப் போகிறோம் என்று அந்தத் தாய் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறார். வழக்குப் போட வேண்டுமானால் சத்தத்தால் கெடுதல் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். சத்தம் போடுகிறவர் தான் யாரையும் கெடுக்கவில்லை என்று நிரூபிக்கத் தேவையில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் தன் காதுக்கும் புத்திக்கும் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். புகார் கொடுக்கப் போனவரிடமே "சாட்சி இருக்கா?" என்று கேட்கும் காவல் நிலையங்களைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

பிரான்சாஃப்ட் அந்த நிரூபணத்தைச் செய்து கொடுக்க முன்வந்தார். அவர் கையில் எடுத்த முறை எளிமையானது, அதனாலேயே யாராலும் தட்ட முடியாமல் போனது. பள்ளிக்கூடம் ஒன்றே. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகள் ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்தன. மறுபக்கத்து வகுப்பறைகள் கட்டடத்தின் மறைவில் அமைதியாக இருந்தன. இரண்டு பக்கமும் அதே தெருவின் பிள்ளைகள், அதே பாடப்புத்தகம், அதே தலைமையாசிரியர். வீட்டு வறுமையைக் காரணம் காட்டவோ, பெற்றோரின் படிப்பின்மையைக் காரணம் காட்டவோ இடமில்லை. ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினால் வழக்கமாக இழுத்துப் போடும் காரணங்கள் அத்தனையும் இரண்டு பக்கத்துக்கும் பொது. மாறுவது ஒன்றே ஒன்று, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பது.

பாதைப் பக்கத்து வகுப்பறையில் ரயில் இல்லாதபோது 59 டெசிபல். ரயில் போகும்போது 89 டெசிபல். டெசிபல் கணக்கு விலைவாசிக் கணக்கு மாதிரி நேர்க்கோட்டில் போவதில்லை. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். முப்பது கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு, காதுக்கு எட்டு மடங்கு. நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை ரயில். ஒவ்வொரு முறையும் 30 விநாடி. ஆறு மணி நேரப் பள்ளி நாளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 ரயில்கள், 40 நிமிடம். பாடம் நடத்தும் நேரத்தில் 11 சதவீதம் அப்படியே போய்விடுகிறது. இது சத்தம் நீடித்த நேரம் மட்டும்தான். ஆசிரியர் பேச்சை நிறுத்தி, ரயில் போகும்வரை நின்று, "எங்கே விட்டோம்?" என்று மறுபடி ஆரம்பித்து, சிதறிப்போன கவனத்தைக் கூட்டிச் சேர்க்கும் நேரம் இதில் வரவில்லை.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டபோது, பாதைப் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். சிறு வகுப்பில் சில மாத இடைவெளி. ஆறாம் வகுப்பில் அது ஏறக்குறைய ஓராண்டு. பழகிப்போய்விடும் என்ற வாதம் இங்கேதான் அடிபட்டது. பழகியிருந்தால் மேல் வகுப்பில் இடைவெளி சுருங்கியிருக்க வேண்டும். பிரான்சாஃப்டும் டென்னிஸ் மெக்கார்த்தியும் 1975இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

சரி, கெடுதல் நிரூபணமாகிவிட்டது. ரயிலை நிறுத்தச் சொல்ல முடியாது; அதே பிள்ளைகளின் பெற்றோர் வேலைக்குப் போவதே அந்த ரயிலில்தான். அப்படியானால் முதல் பதிலுக்கு வருவோம். ரயில் என்றால் சத்தம் போடத்தான் வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரும் பிரேக்கும் வளைவில் கிறீச்சிடும் ஓசையும் ஒருபக்கம் இருக்கட்டும். நேர்ப்பாதையில் சாதாரண வேகத்தில் ஓடும் ரயிலின் பெரும்பகுதிச் சத்தம் சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் பிறக்கிறது. இரண்டும் எஃகு. இத்தனை டன் எடையைத் தாங்கும் அந்தத் தொடுமிடம் நம் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். இரண்டின் மேற்பரப்பும் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் சக்கரம் சத்தமில்லாமல் உருளும். நிஜத்தில் அப்படி இருப்பதில்லை. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான மேடுபள்ளங்கள் இரண்டிலும் உண்டு. சக்கரம் அவற்றின் மேல் ஏறி இறங்கும்போது சக்கரமும் அதிர்கிறது, தண்டவாளமும் அதிர்கிறது, அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டையும் அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதுக்கு வருகிறது.

தண்டவாளத்தின் தலையில் கூரைத்தகடு மாதிரி வரிவரியாக நெளிவு விழும். மூன்று முதல் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் மேடும் பள்ளமுமாகத் தேயும். ஐந்து சென்டிமீட்டர் நெளிவின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் போனால், சக்கரம் ஒரு நொடிக்கு 333 முறை துள்ளும். அதுதான் அந்த உறுமல். உறுமும் தண்டவாளம் என்றே ரயில்வே பொறியாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நெளிவு இருந்தால் அதிர்வு, அதிர்வு இருந்தால் அதே இடத்தில் இன்னும் தேய்வு, தேய்ந்தால் நெளிவு இன்னும் ஆழம். விட்டுவிட்டால் தானாகச் சரியாகும் வியாதி இல்லை இது. சக்கரத்திலும் வேறொரு கோளாறு வரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப்போய் தண்டவாளத்தில் வழுக்கினால், வழுக்கிய இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தட்டை "டக், டக்" என்று சம்மட்டி மாதிரி தண்டவாளத்தை அடிக்கும். ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான்.

இதற்கெல்லாம் மருந்து என்னவென்றும் நெடுங்காலமாகத் தெரியும். தண்டவாளத்தைச் சாணை பிடித்து நெளிவை எடுக்க வேண்டும். சக்கரத்தை லேத்தில் கடைந்து மறுபடி வட்டமாக்க வேண்டும். துண்டுத் துண்டாகப் போல்ட் போட்டு இணைத்த தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒன்றாக்க வேண்டும். தளர்ந்த இணைப்புகளை இறுக்க வேண்டும். மந்திரமும் இல்லை, ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. பராமரிப்பு, அவ்வளவுதான். நன்றாக நெளிந்த தண்டவாளத்தைச் சாணை பிடித்தால் 10 டெசிபலுக்கு மேல்கூடக் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகிவிடும்.

ஆனால் நியூயார்க்கில் அப்போது பராமரிப்பு செத்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு நீண்ட கதை உண்டு. 1904இல் ஐந்து சென்ட் என்று வைத்த கட்டணம் 1948 வரை ஐந்து சென்டாகவே இருந்தது. இடையில் இரண்டு உலகப்போர்கள், விலைவாசி எங்கேயோ போய்விட்டது. மலிவுக் கட்டணம் ஏழைக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். கட்டணத்தை ஏற்றாவிட்டால் வேறு எங்கிருந்தாவது பணம் போட வேண்டும், அதைத்தான் செய்யவில்லை. தனியார் கம்பெனிகள் நொடித்துப்போக, 1940இல் நகரமே ரயிலை வாங்கியது. 1953இல் போக்குவரத்து ஆணையம் அமைத்து, நடத்தும் செலவை டிக்கெட் வருமானத்திலேயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். பணம் போதாதபோது எதை வெட்டுவார்கள்? ரயிலை நிறுத்தினால் அன்றைக்கே தெரிந்துவிடும். சக்கரத்தைக் கடையாமல் விட்டால் நாளைக்குத் தெரியாது, அடுத்த ஆண்டும் தெரியாது. எனவே பராமரிப்பைத் தள்ளிப்போட்டார்கள். "தள்ளிப்போட்ட பராமரிப்பு" என்று கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு கௌரவமான பெயரும் உண்டு. 1975இல் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. கூடிய சத்தத்தை யார் காதில் ஏற்றினார்கள் என்பதற்கு பி.எஸ். 98இன் மதிப்பெண் பட்டியல் சாட்சி. கணக்குப் புத்தகத்தில் சேமிப்பு என்று எழுதியது, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பில் ஓராண்டுக் கடனாக நின்றது.

அதே காலத்தில் அறிவியலும் ஓர் அடி முன்னே வைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்றொரு ஆய்வு நிறுவனம் இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டுக்கு முதல் இணைப்புக் கருவிகளைச் செய்து கொடுத்ததும் இவர்கள்தான். அங்கே வேலை பார்த்த பால் ரெமிங்டன், மேற்பரப்பின் மேடுபள்ளத்தையும் ரயில் எழுப்பும் சத்தத்தையும் கணக்கால் இணைத்துக் காட்டி 1976இல் கட்டுரைகள் வெளியிட்டார். பிறகு 1990களில் டேவிட் தாம்சன் முதலானவர்கள் ஐரோப்பிய ரயில்வேக்களுக்காக அதை விரிவாக்கிக் கணினி நிரலாக்கினார்கள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு ஃபிலடெல்ஃபியாவில் ஓடும் ரயிலிலேயே சக்கரம் கடைவதையும் தண்டவாளம் சாணை பிடிப்பதையும் பற்றவைப்பதையும் சோதித்து, எதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு டெசிபல் குறைகிறது என்று கணக்கெடுத்தது. சத்தம் ரயிலின் சுபாவம் என்று அதற்குப் பிறகு யாராவது சொன்னால், தெரியாமல் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கணக்கு சொல்லும் ஒரு விஷயம் முக்கியம். சத்தத்தைத் தீர்மானிப்பது சக்கரத்தின் மேடுபள்ளமும் தண்டவாளத்தின் மேடுபள்ளமும் சேர்ந்து. இரண்டில் எது மோசமோ அதுவே ஆட்சி செய்யும். சக்கரம் சொரசொரப்பாக இருக்கும்போது தண்டவாளத்தை எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் பலன் சொற்பம். தண்டவாளம் நெளிந்து கிடக்கும்போது சக்கரத்தைக் கடைந்தாலும் அதே கதை. பாதை ஒரு துறையிடமும் வண்டி இன்னொரு துறையிடமும் இருக்கும் எல்லா ரயில்வேயிலும் இது ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொள்ள நல்ல வசதி.

பி.எஸ். 98க்குத் திரும்புவோம். மதிப்பெண் ஆதாரம் கையில் வந்த பிறகு, போக்குவரத்து ஆணையம் பள்ளிக்கு எதிரே உள்ள பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகளைப் பொருத்தியது. கல்வித்துறை, சத்தம் அதிகமாக இருந்த வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகைகளை மாட்டியது. ரப்பர் ஏன் வேலை செய்கிறது? குச்சியைக் காற்றில் வீசினால் தெருவுக்குக் கேட்காது. பறைத் தோலில் விழுந்தால்தான் கேட்கும். உயரப்பாதையின் இரும்புச் சட்டங்கள் அந்தத் தோலின் வேலையைச் செய்கின்றன. தண்டவாளத்தின் அதிர்வு கீழே இறங்கி, அத்தனை இரும்பையும் சேர்த்து முழங்க வைக்கிறது. இடையில் ரப்பர் வைத்தால் அதிர்வு கீழே இறங்குவது குறைகிறது. (எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஜல்லி போட்ட தரைப்பாதையில் மிக மெத்தென்ற ரப்பர் வைத்தால் தண்டவாளம் தாராளமாக அதிரத் தொடங்கி, சத்தம் கூடவும் செய்யும். ரப்பர் வாங்கிப் போட்டுவிட்டோம் என்று பில் காட்டுவது தீர்வாகாது.)

1981இல் பிரான்சாஃப்ட் மறுபடியும் மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அளவில் வாசித்தார்கள். இடைவெளி மறைந்துவிட்டது.

இந்த இரண்டாவது ஆய்வைத்தான் நான் முதல் ஆய்வைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதற்கு ஆய்வுகள் மலைபோல் உண்டு. காரணத்தை நீக்கிவிட்டு, போய் மறுபடி அளந்து பார்த்த ஆய்வுகள் குறைவு. அளந்து பார்த்தால், பிள்ளையிடம் இருப்பதாகச் சொன்ன குறை தண்டவாளத்தின் அடியில் இருந்தது தெரிகிறது. ஒன்றும் பெரிய சீர்திருத்தம் நடக்கவில்லை அங்கே. பாடத்திட்டத்தை மாற்றவில்லை, ஆசிரியரை மாற்றவில்லை, பிள்ளைகளுக்கு "ஊக்கம்" கொடுக்கும் முகாம் எதுவும் நடத்தவில்லை. ரப்பரும் கூரைப் பலகையும் போட்டார்கள்.

பிரான்சாஃப்ட் அதோடு நிற்கவில்லை. நியூயார்க் ரயில் வரைபடத்தை 1979இல் புதிதாக வடிவமைத்த குழுவில் இருந்தவர் அவர். பல பத்தாண்டுகள் நகரத்தின் இரைச்சலுக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்தார். 1982இல் நியூயார்க் மாநிலம் நகர ரயில் சத்தத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. சத்தத்தைக் குறைக்க என்ன செய்தோம் என்று போக்குவரத்து ஆணையம் அறிக்கை தர வேண்டிய கட்டாயம் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பெரும் மூலதனத் திட்டம், பாழாய்க் கிடந்த பாதைகளுக்கும் வண்டிகளுக்கும் பணம் கொண்டுவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்த பணம் என்று சொல்லிவிட முடியாது. தண்டவாளம் உடைந்து ரயில் தடம்புரளத் தொடங்கியபோதுதான் வந்தது. ஆனாலும் நல்ல தண்டவாளமும் வட்டமான சக்கரமும் யாருக்காக வந்தாலும் பாதையோரத்துக் காதுகளுக்குச் சேர வேண்டியது சேரும்.

நியூயார்க் கதையில் பாதையும் வண்டியும் ஒரே ஆணையத்தின் கையில் இருந்தன. ஒருவரைப் பிடித்து உலுக்கினால் போதும். அப்படி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும்.

கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் நடுவில் ரைன் ஆறு மலைகளுக்கு இடையே குறுகலான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் உள்ள அழகான இடம்தான், ஆனால் ஆற்றின் இரண்டு கரையிலும் ரயில் பாதை. ராட்டர்டாம் துறைமுகத்துக்கும் இத்தாலியின் ஜெனோவாவுக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்து இந்த வழியாகத்தான் போகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். மலைச்சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அனுப்ப, ஊர்க்காரர்கள் தூங்க முடியவில்லை.

இங்கே முதல் குற்றவாளி பிரேக். பழைய சரக்கு வேகன்களில் வார்ப்பிரும்புக் கட்டை ஒன்று சக்கரத்தின் உருளும் பரப்பின் மேலேயே அழுந்திப் பிரேக் பிடிக்கும். சூட்டில் இரும்பு ஒட்டியும் பெயர்ந்தும் சக்கரத்தின் முகம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட சக்கரம் எவ்வளவு நல்ல தண்டவாளத்தின் மேல் போனாலும் இரைச்சல்தான். கட்டையைக் கூட்டுப்பொருளில் செய்தால் சக்கரம் வழுவழுப்பாகவே இருக்கும், 10 டெசிபல் வரை குறையும். டிஸ்க் பிரேக்கில் கட்டை சக்கரத்தின் முகத்தைத் தொடுவதே இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018 ஜனவரியில் பழைய வடிவப் பெட்டிகளை நிறுத்திவிட்டு முழுக்க மாறிக்கொண்ட எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பது டிஸ்க் பிரேக்தான். அந்தப் பெட்டிகளின் வடிவமே ஜெர்மனியிலிருந்து வந்தது. பயணிகள் பெட்டியில் சரிசெய்து கொண்டவர்கள் சரக்கு வேகனில் ஏன் செய்யவில்லை?

பயணிகள் பெட்டிக்குள் டிக்கெட் வாங்கியவர் உட்கார்ந்திருக்கிறார், சரக்கு வேகனுக்குள் நிலக்கரி உட்கார்ந்திருக்கிறது. வேகனுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அவர் வேறு நாட்டவராகவும் இருக்கலாம். பாதை இன்னொருவருடையது. தூக்கம் கெடுபவர் மூன்றாமவர். புதுக் கட்டை போடும் செலவு முதலாமவருக்கு, லாபம் மூன்றாமவருக்கு. இதற்கு நடுவே சட்டம் ஒரு வேடிக்கை செய்தது. 1990இல் வந்த ஜெர்மன் விதிப்படி, ரயில் சத்தத்தைக் கணக்கிடும்போது 5 டெசிபல் கழித்துக்கொள்ளலாம். அதே அளவு சாலைச் சத்தத்தைவிட ரயில் சத்தம் மக்களைக் குறைவாகவே தொந்தரவு செய்கிறது என்று ஆய்வுகளை வைத்துச் சொன்னார்கள். இதற்குப் பெயர் "ரயில் சலுகை". காதில் விழுவது விழத்தான் செய்யும், காகிதத்தில் மட்டும் ஐந்து குறையும். கால் நூற்றாண்டு ஓடிய பிறகு, 2015 ஜனவரி முதல் புதிய ரயில் பாதைத் திட்டங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது என்று நீக்கினார்கள்.

இன்னொரு கழிவும் ஜெர்மனியில் உண்டு, அதை நான் இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட மாட்டேன். 1998 முதல், ஒரு பாதையைச் "சிறப்பாகக் கண்காணிக்கும் பாதை" என்று அறிவித்தால் 3 டெசிபல் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா கிடைக்காது. ஒலி அளக்கும் பெட்டியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அந்தப் பாதையில் ஓட்ட வேண்டும். அளவு தாண்டினால் சாணை பிடிக்க வேண்டும். அதாவது தண்டவாளத்தை வழுவழுப்பாக வைத்திருப்பது ரயில்வேயின் பெருந்தன்மை என்ற இடத்திலிருந்து, எழுதிக்கொடுத்த கடமை என்ற இடத்துக்கு வந்தது. சாணை பிடிக்கும் வண்டி ரயில் ஓடாத ராத்திரியில்தான் வரும், தீப்பொறி பறக்கப் பெரும் சத்தம் போடும், அதற்கும் பக்கத்து வீட்டார் திட்டுவார்கள். அந்தத் தூசியிலும் சத்தத்திலும் ராத்திரி முழுக்க நிற்கும் தொழிலாளியின் காதைப் பற்றி எந்தச் சத்தச் சட்டமும் தனியாகப் பேசுவதில்லை. அது தொழிற்சாலைச் சட்டத்தின் பாடு என்று விட்டுவிடுகிறார்கள்.

சக்கரத்துக்கு வருவோம். புதிய வேகன்களில் வார்ப்பிரும்புக் கட்டை கூடாது என்ற நிலையை ஐரோப்பிய விதிகள் 2006இல் கொண்டுவந்தன. ஆனால் ஒரு வேகன் நாற்பது ஐம்பது ஆண்டு ஓடும். பழைய வேகன்கள் தாமாகச் சாகட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறைத் தூக்கம் போய்விடும். பழைய வேகனிலேயே பிரேக் அமைப்பை மாற்றாமல் மாட்டக்கூடிய கூட்டுப்பொருள் கட்டைக்கு 2013இல் ஒப்புதல் கிடைத்தது. சத்தம் போடும் வேகனுக்குப் பாதை வாடகை கூடுதல் என்று அதற்கு முன்பே, 2012 டிசம்பரில், ஜெர்மனி ஆரம்பித்திருந்தது. ரைன் கரை ஊர்களில் மக்கள் குழுக்கள் விடாமல் போராடிக்கொண்டிருந்தன. 2017இல் ஜெர்மன் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: 2020 டிசம்பர் 13 முதல் இரைச்சல் வேகன்களுக்கு ஜெர்மன் பாதையில் இடமில்லை. சுவிட்சர்லாந்து அதே ஆண்டு ஜனவரியிலேயே தடை போட்டுவிட்டது. இறுதித் தேதி ஒன்று குறித்த பிறகு, ஜெர்மனியில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வேகன்களில் கட்டை மாறியது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகளாக "தொழில்நுட்பச் சிக்கல்" என்றும் "பொருளாதாரச் சுமை" என்றும் சொல்லிக்கொண்டிருந்த அதே வேகன்கள்.

புதுக் கட்டையிலும் வேலை ஓயவில்லை. அது சக்கரத்தைச் சொரசொரப்பாக்குவதில்லை, ஆனால் சக்கர முகத்தின் வடிவத்தை வேறு மாதிரித் தேய்க்கிறது. அடிக்கடி அளக்க வேண்டும், முன்பைவிடச் சீக்கிரம் லேத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டை மாற்ற அரசு மானியம் கொடுத்தது. அடிக்கடி சக்கரம் கடையும் செலவு தங்கள் தலையில் விழுகிறது என்று வேகன்காரர்கள் முறையிட்டபடி இருக்கிறார்கள்.